கச்சேரியில் ஒரு பதில் குரல்

வசந்தா தன் புருஷனை நாக்காலேயே கொன்றுவிட்டாள் என்று எங்கள் குப்பத்தில் சொல்லாத ஆள் கிடையாது. அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவள் கையால் நண்டுக் குழம்பு வாங்கித் தின்றவர்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஊர் வாய்க்குப் பழவேற்காட்டு ஏரியையே கவிழ்த்தாலும் போதாது.

நான் ஜெசிந்தா. தோணிரேவு என்கிற ஊரைத் தாண்டி ஏரியோரம் இருக்கிற குப்பத்தில், மாதா கோயில் பக்கம் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். வசந்தா வீடு எனக்கு எதிர் வரிசை. அவள் என்னைவிடச் சின்னவள், அதனால் 'யக்கா' என்பாள். அவளைப் பற்றிப் பேச உட்கார்ந்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும். வந்தால் வரட்டும். கோபத்தை மடித்து உள்ளே வைத்துத் தைக்க எனக்குத் தெரியாது.

எட்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில் நடந்தது அது. அவள் புருஷன் வரதன் சில நாளாக ராத்திரி வீடு தங்கவில்லை. எங்கே போனாய் என்று கேட்டால் பதில் கிடையாது. அன்றைக்கு விடியற்காலையில் வந்தவன் வலையை எடுத்துக்கொண்டு நேரே கரைக்குப் போனான். இவள் பின்னாலேயே ஓடினாள். அவன் படகைத் தள்ளுகிற நேரத்தில், நாலு பேர் காதில் விழ, "போறவன் அப்டியே போ! திரும்பி வராத!" என்று கத்திவிட்டாள்.

வேறு ஊராக இருந்தால் இது ஒரு பேச்சா? புருஷன் பெண்டாட்டி சண்டையில் இதைவிடப் பெரிய வார்த்தையெல்லாம் பறக்கும். மத்தியானம் சோறு போடுகிறபோது மறந்து போகும். ஏரியில் தொழில் செய்கிறவர்களிடம் அப்படி இல்லை. படகில் கை வைத்துவிட்ட ஆளிடம் 'போ' என்ற சொல்லையே யாரும் சொல்ல மாட்டார்கள். 'போய்ட்டு வரேன்' என்பதுகூட வீட்டு வாசலோடு சரி. கரைக்கு வந்துவிட்டால் காற்றைப் பற்றிப் பேசலாம், வலையைப் பற்றிப் பேசலாம், அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாயந்தரம், ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தில் வரதனுடைய படகு கவிழ்ந்து கிடந்தது. சட்டை வலையில் சிக்கியிருந்தது. ஆளைக் காணோம். ஊரே படகெடுத்துப் போய்த் தேடியது. கடல் கொடுக்கிறதாக இருந்தால் மூன்றாம் நாள் கொடுத்துவிடும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. கொடுக்கவில்லை. அப்படி உடம்பு கிடைக்காமல் போனால், வைக்கோலில் ஓர் ஆள் கட்டி, செத்தவனுடைய சட்டையை அதற்குப் போட்டு, பிணத்துக்குச் செய்கிற எல்லாவற்றையும் அதற்குச் செய்து எரிப்பார்கள். வரதனை அப்படித்தான் எரித்தார்கள். வசந்தாவின் தாலியை அறுத்தார்கள். மாமியார் பவுனம்மாள் மாரில் அடித்துக்கொண்டு, "எம்புள்ளைய நாக்காலயே தின்னுட்டியேடி, கரிநாக்குக்காரி!" என்று கதறினாள். அந்தக் கதறலைக் கேட்டு நானும் அழுதேன்.

கரிநாக்கு என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. படகுகள் ஏரியில் இறங்குகிற நேரத்தில் வசந்தா தெருவில் வரக்கூடாது. வந்தால், வலையோடு போகிற ஆண்கள் வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். கல்யாண வீட்டில் அவளை உட்கார வைப்பார்கள், பந்தி போடுவார்கள். 'நல்லா இரு' என்று மட்டும் அவள் வாயால் சொல்லவிட மாட்டார்கள். வாயாடியாக இருந்த பெண் மெல்ல மெல்ல ஊமை மாதிரி ஆகிப்போனாள். பொன்னேரி மார்க்கெட்டில் இறால் விற்கிறபோதுகூட விலையை விரலால்தான் காட்டுவாள்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டாள். அவளால் தாங்க முடியாதது ஒன்றுதான். அவள் மகள் ஐஸ்வர்யா.

அப்பன் போனபோது அந்தக் குழந்தைக்கு ஏழு வயது. வைக்கோல் எரிந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். அன்றிலிருந்து பாட்டி பக்கத்தில்தான் படுக்கை, பாட்டி சொல்வதுதான் வேதம். இப்போது பத்தாவது படிக்கிறாள். பரீட்சைக்குப் போகிற நாளில், அம்மா வாயிலிருந்து ஏதாவது வந்துவிடுமோ என்று பின்வாசல் வழியாக ஓடுவாள். ஒரு தடவை வசந்தா வழியில் போய் நின்றிருக்கிறாள். அந்தப் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "ம்மா, ஒண்ணும் சொல்லாத ம்மா, ப்ளீஸ், ஒண்ணுமே சொல்லாத" என்றிருக்கிறாள். இதை வசந்தா அழாமல் என்னிடம் சொன்னாள். கேட்டுக்கொண்டே தைத்த நான் ஜாக்கெட்டுக்குக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன்.

"இந்த ஊர வுட்டுப் போயேன்டி" என்று நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். போக மாட்டாள். என்றைக்காவது ஒரு நாள் தன் பெண் காதைப் பொத்தாமல் தன் பேச்சைக் கேட்க வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும்.

வீட்டுக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்று ஊர் சீட்டுப் போட்டு முறை வைக்கும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தண்ணீரில் செத்தவனுடைய பாடு அவன் வீட்டுக்கே உண்டு. பங்காளி ஒருவன் அந்த முறையில் வலை போட்டு, வருவதில் பாதியைக் கொண்டுவந்து தருவான். வரதனுடைய பாடும் அப்படித்தான் பவுனம்மாள் கைக்கு வந்துகொண்டிருந்தது. ஊரைவிட்டு ஓடிப்போனவனுக்குப் பாடு கிடையாது.

சரி, பாட்டுக்கு வருகிறேன். வசந்தாவுக்குப் பாட்டு பிடிக்கும். பைத்தியம் என்று சொல்ல முடியாது. இறால் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகும்போது போனில் எஃப்.எம். வைத்துக் காதில் சொருகிக்கொள்வாள். வரிகள் பாதிதான் தெரியும், மீதிக்கு 'லா லா' போட்டு நிரப்புவாள். இரண்டு வருஷமாக ஒரு பாப் பாடகனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. தலையில் பாதிக்கு நீலச் சாயம் அடித்த பையன். பெயர்கூடச் சரியாகத் தெரியாது, 'நீல மண்டை' என்பாள்.

"அவன் கத்தறது உனக்கு இன்னாடி புரியுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் புரியல யக்கா. ஆனா பாட்டு மத்தவங்க எழுதன வார்த்ததான? அத நான் வாய்விட்டுப் பாடனா யாரும் பயப்பட மாட்டாங்க" என்றாள்.

என் வீட்டுக்காரர் டேவிட் சென்னையில் ஒரு லைட்டிங் கம்பெனியில் கேபிள் இழுக்கிறார். போன மாசி மாதம், நீல மண்டையின் கச்சேரிக்கு அவர் கம்பெனிதான் வெளிச்சம் போட்டது. வேலைக்காரர்களுக்கு என்று கிடைத்த இரண்டு பாஸை என்னிடம் கொடுத்தார். நான் யாரைக் கூட்டிப்போவேன்? எதிர் வீட்டுக்குத்தான் ஓடினேன்.

கிளம்புகிற நேரம் வரைக்கும் வசந்தா மாமியாரிடம் மூச்சு விடவில்லை. சொன்னதும் பவுனம்மாள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே! "தாலி அறுத்தவளுக்குக் கச்சேரி கேக்குதா?" என்று தொடங்கினாள். அது நான் எதிர்பார்த்ததுதான். எந்தக் கச்சேரி, எந்த மைதானம் என்று துருவித் துருவிக் கேட்டாள். நான் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"ஐயோ, மாரு வலிக்குதே. நீ போவாதடி வசந்தா. நான் செத்துருவேன்டி" என்றாள்.

வசந்தா பையைக் கீழே வைத்துவிட்டாள். நான்தான் விடவில்லை. காலையில் ஒரு தட்டு இட்லியை ஒரு வாயில் தின்ற நெஞ்சு அது. "யம்மா, உனுக்கு ஒண்ணும் ஆவாது. பேத்தி கூடவே கீறா இல்ல" என்று சொல்லி, வசந்தாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மாமியார் நாடகம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனேன்.

பொன்னேரியில் ரயில் பிடித்து, சென்னையில் இறங்கி, தெற்கே கடற்கரைச் சாலையில் இருந்த மைதானத்துக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஊர்த் திருவிழா பார்த்தவள்தான் நான். ஆனால் இத்தனை பேர் ஒரே நேரத்தில் கத்தி நான் கேட்டதில்லை. ஸ்பீக்கர் ஒவ்வொரு தடவை அடிக்கிறபோதும் என் விலா எலும்பு அதிர்ந்தது. வெறும் பாட்டுக்கே இப்படி வாயைப் பிளந்து நின்றவள், அதற்கப்புறம் வந்ததற்கு என்ன ஆனேன் என்று கேட்காதீர்கள்.

முதல் நாள் பெய்த காலந்தப்பிய மழையில் தரை சேறாகக் கிடந்தது. வசந்தா காலைத் தூக்கி வைக்காமல், தரையோடு தேய்த்துத் தேய்த்து நடந்தாள். ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறால் தடவுகிறவர்கள் அப்படித்தான் நடப்பார்கள். தூக்கி வைத்தால் சேற்றில் புதைந்திருக்கும் திருக்கை மீனின் விஷமுள்ளை மிதித்துவிடுவோம் என்று பயம்.

"இங்க இன்னாடி திருக்க கீது?" என்றேன்.

அவள் சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பல்லைப் பார்த்தேன்.

நீல மண்டை மேடைக்கு வந்தான். ஓடினான், குதித்தான், நடுநடுவே பாடினான். வசந்தா தனக்குத் தெரிந்த பாதி வரியை முழுத் தொண்டையில் பாடினாள். மேடைக்கு இரண்டு பக்கமும் மூன்று மாடி உயரத்துக்குப் பெரிய திரை வைத்திருந்தார்கள். அதில் ஒரு நேரம் பாடகனைக் காட்டுவார்கள், ஒரு நேரம் கூட்டத்தைக் காட்டுவார்கள். தன் முகம் திரையில் வந்துவிட்டால் ஆளாளுக்குக் கையை ஆட்டிக் கூத்தடிப்பார்கள். ஒரு காதல் ஜோடி வந்தது. கண்ணாடி போட்ட ஒரு மாமா வந்தார். அப்புறம், தோளில் ஒரு சின்னப் பையனை உட்கார வைத்திருந்த ஓர் ஆள் வந்தார். பையன் தலையில் மினுக்கு மினுக்கென்று எரிகிற சிவப்புக் கொம்பு. அப்பன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான்.

வசந்தாவின் பாட்டு நின்றது.

நானும் பார்த்தேன். மூன்று மாடி உயரத்துக்குப் பார்த்தேன். புருவத்தைக் குறுக்கே வெட்டிய பழைய தழும்பு. மேல் வரிசையில் உடைந்த பல். நாங்கள் வைக்கோலாகக் கட்டி எரித்த வரதன், தொப்பை போட்டு, கலர் சட்டை மாட்டிக்கொண்டு, திரையில் சிரித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நொடி திரையில் வேறு யாரோ வந்துவிட்டார்கள். 'மாதாவே, மாதாவே' என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை. வசந்தா என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்த இடம் மறுநாள் வரைக்கும் சிவந்திருந்தது.

"யக்கா, நீ பாத்தியா? நான் மட்டும் பாத்தனா?"

"பாத்தேன்டி."

"அவருதான?"

"அவன்தான்டி. அந்தப் பேமானிதான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எக்கி எக்கிக் கூட்டத்தைப் பார்த்தாள். எங்கே என்று தேடுவது? திரையில் காட்டிய ஆள் எங்கள் பக்கத்தில் நிற்கிறானா, அந்தக் கோடியில் நிற்கிறானா, யாருக்குத் தெரியும்? டேவிட்டுக்குப் போன் போட்டேன். அத்தனை பேரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதால் யாருக்கும் சிக்னல் இல்லை. கச்சேரி முடிந்தால் இந்தக் கூட்டம் நாலு வாசலிலும் கலைந்து ஓடிவிடும். அப்புறம் நான் பார்த்தேன், இவள் பார்த்தாள் என்று ஊரில் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? கரிநாக்குக்காரி பேயைக் கண்டாள் என்பார்கள். அவள் பெண் முதல் ஆளாக அப்படிச் சொல்வாள்.

அப்போது பாடகன் கையை உயர்த்தினான். அடுத்த பாட்டை மைக் இல்லாமல், வெறும் கிட்டாரோடு பாடப் போவதாகச் சொன்னான். "எல்லாரும் ஒரு நிமிஷம் சத்தமே போடாதீங்க" என்று கும்பிட்டுக் கேட்டான். ஆச்சரியம், அந்தக் கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. எங்கோ ஒரு குழந்தை இருமியதுகூடக் கேட்டது.

வசந்தா இரண்டு கையையும் வாயருகே குவித்தாள். நான் தடுப்பதற்குள் அடிவயிற்றிலிருந்து எடுத்து, "ஓ...ஓ...ஹோய்ய்!" என்று ஒரு குரல் கொடுத்தாள்.

அது எங்கள் ஏரிக் குரல். பனி மூடிய நேரத்தில் முன்னால் யாராவது வலை கட்டியிருக்கிறார்களா என்று தெரியாதபோது, வருகிற படகிலிருந்து அந்தக் குரலைக் கொடுப்பார்கள். கேட்டவன் கட்டாயம் பதில் குரல் கொடுத்தாக வேண்டும். ஏழு தலைமுறைப் பகையாளியாக இருந்தாலும் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் விட்டால் படகு வலையில் ஏறும், ஆள் சாகும். நடக்கப் பழகுகிற வயதிலேயே எங்கள் பிள்ளைகளுக்கு இது வந்துவிடும். கேட்ட மாத்திரத்தில் தொண்டை தானாகத் திறக்கும். யோசிக்க நேரமே இருக்காது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. யாரோ ஒரு ரசிகையின் கிறுக்கு என்று நினைத்திருப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்குகிற இடத்தில், எங்களுக்கு இடது பக்கம், தண்ணீர் பாட்டில் விற்கிற கடையோரமாக ஓர் ஆண் குரல் எழுந்தது.

"ஓ...ஹோ—"

பாதியில் அறுந்தது. தான் என்ன செய்தோம் என்று அவனுக்குத் தெரிந்த இடம் அதுதான்.

அதற்கப்புறம் நாங்கள் நடக்கவில்லை, நீந்தினோம். முட்டிக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு, சேற்றில் வழுக்கிக்கொண்டு போனோம். முன்னால் அந்தச் சிவப்புக் கொம்பு மினுக்கிக்கொண்டே வாசலைப் பார்த்து ஓடியது. தோளில் பிள்ளை இருந்தபடியால் அவனால் வேகமாகப் போக முடியவில்லை. வாசலில் ஒவ்வொருவராக விடுவதற்கு இரும்புத் தடுப்பு வைத்திருந்தார்கள். அந்த இடுக்கில் வசந்தா அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள்.

வரதன் திரும்பினான். பேயறைந்தவன் மாதிரி இருந்தான். செத்தவன் அவன், பேயைப் பார்த்தவன் மாதிரி எங்களைப் பார்த்தான்.

கூட்டத்துக்கு வெளியே, வேலியோரம் கொண்டுபோய் நிறுத்தினோம். நான் கண்டபடி கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதினால் மாதா கோயில் சாமியார் என்னைப் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூப்பிடுவார். வசந்தா கத்தவில்லை.

"உயிரோட கீறியா?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். எண்ணூர்ப் பக்கம் ஒருத்தியோடு சகவாசம் ஆகிவிட்டது. ஊரில் தெரிந்தால் பஞ்சாயத்து, தண்டனை, அவமானம். செத்தவனைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட முடியாதே! அதனால் படகை முகத்துவாரத்தில் அவனே கவிழ்த்துவிட்டு, சட்டையைக் கழற்றி வலையில் போட்டுவிட்டு, மணல்மேட்டில் ஏறி நடந்து போய்விட்டான். இப்போது ஒரு கம்பெனியில் வேலை. பெண்டாட்டிக்கு நைட் டூட்டி, அதனால் பிள்ளையை மட்டும் அழைத்து வந்திருக்கிறான்.

"நான் சொன்ன சொல்லு?" என்றாள் வசந்தா.

"இன்னா சொல்லு?"

"படகு தள்ளும்போது நான் சொன்னனே."

அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "நெனப்பில்ல வசந்தா. நீ இன்னா சொன்ன?" என்றான்.

கர்த்தர் சாட்சியாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் என் கையில் ஓர் அரிவாள் இருந்திருந்தால் அவன் நிஜமாகவே செத்திருப்பான். எட்டு வருஷமாக ஒரு பெண்ணின் வாயைத் தைத்து வைத்த சொல் அவனுக்கு நினைவில்லை.

வசந்தா கையை நீட்டினாள். "உங்க அம்மாக்குப் போன் போடு. உன் வாயால சொல்லு" என்றாள். அவன் போனைத் தரவில்லை. அவளே அவன் சட்டைப் பையில் கைவிட்டு எடுத்தாள். எனக்கும் தெரிந்தது, திரை நிறைய எடுக்காத அழைப்புகள். எல்லாவற்றுக்கும் மேல் ஒரே பெயர். அம்மா.

வசந்தாவுக்கு அது புரிய ஒரு கணம் ஆயிற்று. எனக்கு அதைவிட அதிக நேரம் ஆயிற்று. அவள் அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தாள். வேலியோரம் கொஞ்சம் சிக்னல் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். முதல் மணியிலேயே பவுனம்மாள் எடுத்துவிட்டாள்.

"டேய் நைனா! சாயந்தரத்துலேர்ந்து போட்டுக்கினே கீறேன், எடுக்கவே மாட்டியா? அவ அங்கதான்டா வந்துகிறா, அதே பாட்டுக்கு. உஷாரா இருடா. கொழந்தைய இட்டுக்கினு ஜல்தியா கெளம்பிடு."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அதே பவுனம்மாள். மாரில் அடித்துக்கொண்டு கதறிய அதே பவுனம்மாள். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தே, வசந்தா பேசறேன்."

அந்தப் பக்கம் 'ஐயோ' என்று ஒரு சத்தம் வந்தது.

"எப்பலேர்ந்து தெரியும் அத்தே?"

தாழ்ந்த குரலில் பதில் வந்தது. "கருமாதி முடிஞ்ச மறுமாசம் போன் பண்ணான்டி. நான் இன்னா செய்ய, பெத்த வயிறு... வெளிய சொல்லிடாத வசந்தா. ஓடிப்போனவன்னு தெரிஞ்சா பாடு போயிடும். உம்பொண்ண நெனச்சிப் பாரு."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேட்டிருக்கிறேன். பாவம் செய்தவளே பக்கத்தில் உட்கார்ந்து, தினம் தினம் சோற்றோடு சேர்த்துப் பழியையும் பரிமாறுவாள் என்று எனக்குத் தெரியாது.

"ஐஸ்வர்யாகிட்டக் குடு" என்றாள் வசந்தா.

"அவ தூங்கறா."

"யாரு ஆயா போன்ல? அம்மாவா?" என்று பின்னால் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. போனைப் பிடுங்குகிற சத்தம். "அலோ? யாரு?"

வசந்தா வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். பழக்கம். மகள் என்றால் பேசக்கூடாது. போனை வரதன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் பின்னால் நகர்ந்தான், வேலி முதுகில் முட்டியது.

"அலோ? யாரு பேசறது?"

தோளில் இருந்த பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பன் தலைமுடியைப் பிடித்து ஆட்டி, "நைனா, போன்ல கூப்புடறாங்க. பேசு நைனா" என்றான்.

அப்புறம், "நைனாவா? யாரு நைனா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ஐஸு..." என்றான் வரதன்.

அவள் ஏழு வயதில் கடைசியாகக் கேட்ட குரல் அது. அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உருண்டது. பவுனம்மாள் "ஐயோ, வெச்சுடுடி, போன வெச்சுடு" என்று கத்தினாள். அதற்கெல்லாம் மேலே, மூச்சு முட்ட, ஐஸ்வர்யாவின் குரல் வந்தது.

"ம்மா! ம்மா, நீ அங்க கீறியா? நீ பேசு ம்மா. நீ சொல்லு, நீ சொன்னாதான் நான் நம்புவேன்."

வசந்தா போனைக் காதோடு சேர்த்துவைத்து, மைதானத்துச் சத்தம் கேட்காமல் மற்ற காதைக் கையால் பொத்திக்கொண்டு, சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் கொல்லலடி கண்ணு" என்றாள். "உங்க நைனா சாவல. இதோ எதுருலதான் நிக்கறாரு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. போனைக்கூட விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவன் மறுபடியும் ஓடியிருந்தான்.

"போயிட்டான்டி வசந்தா" என்றேன். அவள் அதை அப்படியே மகளிடம் சொன்னாள். ஸ்பீக்கர் இன்னும் அணைக்கவில்லை, அதனால் பதில் எனக்கும் கேட்டது.

"போனாப் போறாரு. நீ வூட்டுக்கு வா ம்மா. நான் தூங்காம முழிச்சிக்கினு இருக்கறேன்."